வலது பக்கச் சக்கரம்

இடது பக்கச் சக்கரம் ஒரு விரல் அகலத்துக்குப் பின்னால் சுற்றியது. சபரி அதைத் தொடவில்லை.

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன் ஸ்பேனரை நெஞ்சின் மேல் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தான். சக்கரம் சும்மா இருந்தது. தன் கால்தான் எங்கோ இடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு இப்போது நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. மூக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஒரு நட்டு அவனைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த நட்டால் வந்தது. பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் மாதிரி தொங்குகிற டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரப் பெட்டியில் எண்ணெய் மாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கீழே ஒரு நட்டு, எண்ணெய் வெளியே போக. மேலே ஒரு நட்டு, புது எண்ணெய் உள்ளே விட. ஒரே ஒரு விதிதான்: முதலில் மேல் நட்டைக் கழற்றிப் பார். அது வராவிட்டால் கீழே கை வைக்காதே. சபரி பார்த்த அத்தனை வீடியோவிலும் இதைத்தான் சொன்னார்கள். வேலைக்காக வந்திருக்கும் இந்தக் கராடியில், ஆபீஸ் கேன்டீனில் நாலு பேருக்கு அவனே பாடம் எடுத்திருக்கிறான். அப்படிப்பட்ட புத்திசாலி இன்றைக்குக் கீழ் நட்டை முதலில் கழற்றினான்.

காரணம் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் சொசைட்டி செகரட்டரி ஜெயந்த். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தைக் கூட விட்டுவிட்டு இந்த இரண்டாவது பேஸ்மென்ட் வரைக்கும் இறங்கி வந்து, "சபரிஜி, யஹா ரிப்பேர் அலவ்ட் நஹி ஹை. க்ரூப் மே டாலா தா நா?" என்று, இங்கே ரிப்பேர் கூடாதென க்ரூப்பில் போட்டிருந்ததை இந்தியில் நினைவூட்டிவிட்டு, ஜாக்கி ஸ்டாண்டில் நின்ற வண்டியை மூன்று கோணத்தில் போட்டோவும் எடுத்துக்கொண்டு போனார். அந்த எரிச்சலில் சபரிக்குக் கை தானாகக் கீழே போய்விட்டது. அழுகிய முட்டை நாற்றத்தோடு கறுப்பு எண்ணெய் மொத்தமும் தட்டில் இறங்கிய பிறகுதான் உறைத்தது. மேல் நட்டு அசையவில்லை. அசைக்க அசைக்க அதன் விளிம்புகள் மழுங்கி, இப்போது ஸ்பேனர் வைத்தால் வழுக்கியது. எண்ணெய் இல்லாத வண்டி கேட்டைக்கூடத் தாண்டாது.

நாளைக் காலை நாலு மணிக்கு அது கோயம்புத்தூருக்குக் கிளம்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே அவன் மனைவி தீப்தியின் அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். அவள் எடுத்து வைத்திருந்த ரயில் டிக்கெட்டை, "நம்ம வண்டி இருக்கறப்ப எதுக்கு ட்ரெயினு?" என்று கேன்சல் செய்ய வைத்ததும் இவன்தான். அவர் கண் மூடுவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மூன்று நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் வீட்டிலிருந்து இறங்கி வரும்போது, "சாயந்திரம் நாலு மணிக்கு டீ எடுத்துட்டுக் கீழ வர்றேனுங்க. வண்டி ஓடுமா ஓடாதான்னு அப்பவாச்சும் உண்மையச் சொல்லிப்போடுங்க," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அவனை அதிகம் குத்தியது.

விளக்கு அணைந்தது.

"சனியன்," என்றான். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரிகிற விளக்குகள் அவை. சொசைட்டியின் சிக்கனம். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவன் ஆள் என்று அவற்றுக்குத் தெரியாது, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் வலது பக்கமாகக் காலை வெளியே நீட்டி ஆட்ட வேண்டியிருந்தது. வேறு பக்கமும் இல்லை. இந்த நீளமான பிக்கப்புக்குக் கொடுத்த இடம் அப்படி: பின்னால் சுவர், இடப்பக்கம் தூணும் சுவரும், முன்னால் பக்கத்து வீட்டுக்காரன் தன் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டுப் போயிருந்தான். வருவதும் போவதும் வலது பக்கம் மட்டும்தான்.

காலை நீட்டப் போனான். அதற்குள் விளக்கு தானே எரிந்தது.

தீப்தி சீக்கிரம் வந்துவிட்டாள் என்று நினைத்தான். "தீப்தி?" செருப்புச் சத்தம் இல்லை. எங்கோ மேலே தண்ணீர்க் குழாய்க்குள் யார் வீட்டுக் குளியலோ சலசலவென்று இறங்கிப் போனது, லிஃப்டின் மோட்டார் ஒரு தடவை முனகி நின்றது, தட்டில் கடைசி எண்ணெய்ச் சொட்டுகள் இடைவெளி விட்டு விட்டு விழுந்தன, அதற்கெல்லாம் அடியில், மிக அருகில், ரப்பர் மேல் ஈரத் துணியை அழுத்தி இழுப்பது போல ஒரு சத்தம்.

இடது சக்கரம் மறுபடியும் பின்னால் சுற்றியது. இந்தமுறை நன்றாகவே, கால் வட்டம்.

இடது சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே பூனைகூட நுழைய முடியாது. ஆனால் அது சுற்றுவதற்கு அங்கே யாரும் இருக்கத் தேவையில்லை. வண்டி கியரில் நிற்கிறது, பின் சக்கரம் இரண்டும் தரையில் படாமல் தூக்கி இருக்கிறது. அப்படி இருக்கும்போது ஒரு பக்கத்தை முன்னால் தள்ளினால் மறு பக்கம் தானாகப் பின்னால் போகும். உள்ளே தங்கிய எண்ணெயை வடிக்க ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவனே அப்படித்தான் சுற்றினான், வலது பக்கம் நின்றுகொண்டு.

அப்படியென்றால் இப்போதும் யாரோ வலது பக்கம் நின்று சுற்றுகிறார்கள்.

"ஜெயந்த்ஜி?" என்றான். கோபத்தோடு சொல்லத்தான் நினைத்தான், கெஞ்சலாக வந்தது. "மஸாக் மத் கரோ யார், விளையாடாதீங்க. மேல விழுந்துச்சுன்னா நான் செத்தேன்." பாதியில் தமிழே வந்துவிட்டது.

தலையை வலப்பக்கம் திருப்பினான். டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அதற்கு அப்பால் சிமெண்டுத் தரை, மஞ்சள் கோடு, எதிர் வரிசைக் கார்களின் சக்கரங்கள். கால்கள் இல்லை. டயர் மட்டும் மெல்ல முன்னால் சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு டயரின் மேல்பக்கத்திலிருந்து நான்கு விரல்கள் இறங்கி வந்தன. ரப்பரை இறுகப் பிடித்தபடி, டயரோடு சேர்ந்து, அவசரமே இல்லாமல். நனைந்த சிமெண்டு நிறம். நகங்கள் இல்லை, நகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல்தான் மூடியிருந்தது. அவன் முகத்தின் மட்டத்துக்கு வந்ததும் விட்டன. மேலே போயின. மறுபடி பிடித்தன.

சபரி கைபேசியை எடுத்து தீப்தியைக் கூப்பிட்டான். சிக்னல் இல்லை, இந்தப் பேஸ்மென்ட்டில் என்றைக்கு இருந்தது? மணி மூன்று ஐம்பத்தெட்டு. வராதே என்று எழுதினான். போகவில்லை. மறுபடி அனுப்பினான். போகவில்லை. விரலில் இருந்த எண்ணெயில் வழுக்கிக் கைபேசி தட்டுக்குள் விழுந்தது.

சக்கரம் நின்றது.

தலைக்கு மேலே இருந்த விளக்குக்கு அடுத்த விளக்கு எரிந்தது. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஏதோ ஒன்று வண்டியை விட்டு விலகி, நிதானமாக, லிஃப்ட் இருக்கும் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவன் தரையோடு கன்னத்தை ஒட்டி அத்தனை கார்களுக்கும் அடியில் பார்த்தான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போயின. கால்கள் இல்லை.

லிஃப்ட் மணி அடித்தது. கதவு திறந்தது. தூரத்தில் தீப்தியின் நீலச் செருப்பு.

"தீப்தி! போயிரு! மேல போ!"

கத்தினானா என்று அவனுக்கே தெரியவில்லை. வெளியே வர உடம்பை இழுத்தான். எண்ணெயில் முழங்கை வழுக்கி மண்டை தரையில் மோதியது. கண் இருட்டியது. அந்த இருட்டுக்குள் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"அட, அதுக்குள்ள வெளிய வந்துட்டீங்களா?"

யாரிடம்?

"ஏனுங்க இப்படிப் பார்க்கறீங்க? கையெல்லாம் என்னாச்சு... எண்ணெயா அது?" யாரோ பேசுவதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். "நானா? எனக்கு அதெல்லாம் தெரியாதே. சரி, பிடிக்கிறேன். காலைல கிளம்பிருவோம்ல? அப்பா கேட்டுட்டே இருக்காருங்க."

நீலச் செருப்பு நடந்து வந்தது. தனியாக. நெருங்க நெருங்க விளக்குகள் இரண்டிரண்டாக எரிந்தன. டீ பிளாஸ்க்கைத் தரையில் வைக்கும் சத்தம். அவள் வலது பக்கச் சக்கரத்தின் முன்னால் நின்றாள். மெட்டி தெரிந்தது. கை நீட்டினால் தொடலாம்.

"தீப்தி." இப்போது குரல் வந்தது. "தீப்தி, நான் இங்க இருக்கேன். அடியில. அது நான் இல்ல."

செருப்பு ஒரு அடி பின்வாங்கியது.

"அடியில யாரோ பேசறாங்களே," என்றாள் மெதுவாக.

பதில் அவனுக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

"ஓ," என்றாள். "சரிங்க."

செருப்பு முன்னால் வந்தது. டயரின் மேலிருந்து அவள் விரல்கள் இறங்கின, மோதிரமும் மருதாணி மிச்சமும். அவற்றுக்குப் பக்கத்திலேயே, தொட்டுக்கொண்டு, நகமில்லாத நான்கு. அவை சுற்றவில்லை. டயரைப் பிடித்துத் தூக்கின.

"இன்னும் கொஞ்சமா?" என்றாள் தீப்தி, மூச்சு வாங்க.

வண்டி லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. அவன் விலா எலும்புக்குப் பக்கத்தில், வண்டியைத் தாங்கியிருந்த இடப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது.