மணி அடிக்காத தொலைபேசி

ஞாயிற்றுக்கிழமை காலை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரே ஒரு எஸ்.டி.டி. பூத்துக்கு வரும் தொலைபேசிக் கம்பியை யாரோ அறுத்திருந்தார்கள்.

அன்றுதான் வெளிநாட்டிலிருந்து அழைப்புகள் வரும் நாள். சிறுமி லின்சியின் அப்பா குவைத்தில் இருந்தார். அவர் குரலைக் கேட்க ஓடி வந்தவளுக்கு அழுகை முட்டியது.

"மூஸாதான் அறுத்திருப்பான். செம்புக்கு நல்ல விலையாச்சே!" என்றார் பூத் நடத்தும் இராஜாங்கம்.

பழைய இரும்பு வாங்கும் மூஸா சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைகூப்பினார். "அல்லா மேல ஆணையா நான் இல்லீங்க."

"போலீஸ்ல ஒப்படைப்போம்!" என்று கூட்டம் கத்தியது.

"கொஞ்சம் இருங்க" என்றார் வேதநாயகம். சென்னையில் துப்பறியும் போலீஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு வந்தபின் காணாமல் போன கோழிகளை மட்டும்தான் தேடிக் கண்டுபிடித்தார். அதிலும் பாதிக் கோழிகள் தாமாகவே வீடு திரும்பியவை.

அவர் கம்பியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "அரிவாளால ஒரே வெட்டு. ஒரு துண்டுகூட எடுத்துட்டுப் போகலை. திருடன் விட்டுட்டுப் போவானா? போன் அடிக்கக் கூடாதுன்னு யாரோ நினைச்சிருக்காங்க."

"அதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லட்டும்" என்று இராஜாங்கம் மூஸாவின் கையைப் பிடித்தார்.

லின்சி கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள். சாவித்திரி அக்காவைக் காணோம். அவள் கணவர் ராஜராஜன் சவூதியில் கட்டட வேலை செய்தார். ஞாயிறு என்றால் அக்காதான் முதல் ஆளாக வருவாள். போன வாரம் பேசிவிட்டுச் செருப்பைக்கூட மறந்து போனாள். லின்சிதான் அதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். "அவர் நல்லா இருக்காராம்" என்ற அக்கா, தலை நிமிரவே இல்லை.

லின்சி யாரிடமும் சொல்லாமல் அக்கா வீட்டுக் கொல்லைக்கு ஓடினாள். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மூஸா பாயைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறாங்க."

முறம் கை நழுவியது. அரிசி மண்ணில் சிதறியது.

"நான்தான் அறுத்தேன், லின்சி." அக்காவின் குரல் மிக மெதுவாக வந்தது. "உங்க மாமா சாரத்துல இருந்து விழுந்துட்டாராம். உயிர் போயிருச்சுன்னு போன வாரமே போன்ல சொல்லிட்டாங்க. அவரைப் பெத்த அத்தை நெஞ்சுவலிக்காரங்க. எப்படிச் சொல்லுவேன்? போன் அடிக்காத வரைக்கும் அவர் இருக்கிற மாதிரியே இருந்துச்சு."

லின்சி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிதறிய அரிசியை முறத்தில் அள்ளிப் போட்டபடி கேட்டாள்:

"போன் இல்லாட்டி மாமாவை எப்படிக்கா நம்ம ஊருக்குக் கொண்டு வருவாங்க? யார்கிட்ட கேப்பாங்க?"

சாவித்திரி அவளையே பார்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நீயும் கூட வர்றியா?"

முதலில் வீட்டுக்குள் போய் அக்காவின் மாமியாரிடம் சொன்னார்கள். பிறகு பூத்துக்கு நடந்தார்கள்.

அக்கா நடந்ததையெல்லாம் கூட்டத்தின் முன் சொல்லி முடித்தாள். இராஜாங்கம் மூஸாவின் கையை விட்டார். "மன்னிச்சுக்க பாய்" என்று முணுமுணுத்தார். மூஸா அதற்காக நிற்கவில்லை. லைன்மேனை அழைத்துவரச் சைக்கிளில் ஏறிவிட்டார். வேதநாயகம் தம் நாற்காலியை அக்காவுக்கு இழுத்துப் போட்டார்.

மாலையில் கம்பி இணைந்தது. சற்று நேரத்தில் மணி அடித்தது.

சாவித்திரி ரிசீவரை எடுத்தாள். சவூதியிலிருந்து அழைப்பு. லின்சி அவளுடைய இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க" என்றாள் சாவித்திரி. "அவர் சம்சாரம்தான் பேசுறேன்."