கண்ணாடிச் சகன்

சாம்பலுக்குள்ளிருந்து எடுத்த கண்ணாடித் தட்டு ஈரமாக இருந்தது.

யாக்கூப் அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சூடான சாம்பலில் புதைந்து, மெல்ல மெல்ல ஆறிய பொருள் அது. அதில் பொட்டு ஈரம் இருக்க வழியில்லை. ஆனால் விளிம்பில் மூன்று இடங்களில், யாரோ நனைந்த கையை ஊன்றி எழுந்ததுபோல நீர் படிந்திருந்தது. துடைத்தான். குற்றாலத்துச் சாரல் ஓட்டிடுக்கு வழியாகவும் இறங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒன்றாக அள்ளி உண்ணும் பெரிய தட்டுதான் சகன். தென்காசியில் முஸ்லிம் வீட்டுக் கல்யாணமென்றால் சகன் இல்லாமல் விருந்தில்லை. பித்தளையிலும் பீங்கானிலும் ஊர் பார்த்திருக்கிறது, கண்ணாடியில் பார்த்ததில்லை. மகள் மெஹர் பானுவின் நிக்காஹுக்கு வருகிறவர்கள் அசந்துபோக வேண்டும் என்று துல்கர்னைன் ராவுத்தருக்கு ஆசை. குற்றாலத்தில் தம் பங்களாவின் பின்கட்டிலேயே உலை கட்டிக்கொடுத்தார். யாக்கூப் உடைந்த சோடாப் புட்டிகளையும் அருவியடி மணலையும் உருக்கி, களிமண் அச்சில் இறக்கி, பேரருவி விழுந்து நுரைக்கும் பொங்குமாங்கடலையே தட்டாக்கிவிட்டான். நடுவில் நீர் விழுந்து எழும்புகிற மேடு. அதைச் சுற்றிப் பச்சை கலந்த சுழிகள். விளிம்பில், இடுக்கியால் இழுத்துவிட்ட அலைகள். பக்கத்தில் நீர்த்துளி வடிவில் அவன் ஊதிய குவளைகள்.

அவனுக்குக் கூலிகூடப் பெரிதில்லை. வடக்கே ஒரு கண்ணாடிப் பட்டறையில் உருகிய குழம்பு வழிந்து வலது கை வெந்துபோயிருந்தது. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை தோல் சுருங்கி, மெழுகு வழிந்ததுபோல மினுங்கும். விருந்துகளில் அந்தக் கை சகனுக்குள் இறங்கியதும் மற்றக் கைகள் ஒவ்வொன்றாக நின்றுவிடும். "வயிறு நெறஞ்சுட்டுய்யா" என்பார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது மரியாதை. அதனால் அவர்கள் உட்கார்ந்தே இருப்பார்கள். அவன் உண்பதைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிச் சில விருந்துகளுக்குப் பிறகு அவன் எந்த விருந்துக்கும் போகவில்லை.

ராவுத்தர் சொல்லியிருந்தார்: "இது மட்டும் நல்லா வந்துட்டுன்னா, மொதச் சகன்ல எங்கூட நீதாம்லே உக்காருத. எவன் கைய எடுக்கான்னு பாத்துருவோம்."

அந்தச் சொல்லை நினைத்துத்தான் அவன் உலைக்கு ஊதினான்.

உச்சிப்பொழுது கழிந்து மேகம் மலையை விட்டு இறங்கி முற்றத்தையே மூடியபோது, சமையல்காரி சைதூன் பீவி ஆவி பறக்கும் நெய்ச்சோற்றுச் சட்டியோடு வந்தாள். சூடு பட்டால் கண்ணாடி தெறிக்குமா என்று பார்க்க வேண்டும்.

"தெறிச்சா எம்மேல பழியப் போடாத தம்பி. சோறு என்ன செய்யும்."

"தெறிக்காது லாத்தா."

"அருவியடி மணலையா அள்ளிட்டு வந்த? எத்தன பேரு வழுக்கி விழுந்து செத்த எடம். உனக்கு வேற மண்ணே கெடைக்கலியாக்கும்."

"வெள்ள மணலு அங்கனதான கெடக்கு."

"நல்லாச் சொன்ன போ. ஒத்தையில தின்னு தீத்துராத, தட்டெடுக்க வாரேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவன் சோற்றைக் கொட்டினான். கறியை மேலே பரப்பினான். காதைத் தாழ்த்திக் கேட்டான். ஒரு கீறல் சத்தம்கூட இல்லை. ஆவி மேட்டைச் சுற்றி, நிஜ அருவியின் புகைபோலவே எழுந்தது. அவனுக்குக் கண் நிறைந்தது. பாயை விரித்து, தட்டை நடுவில் வைத்து உட்கார்ந்து, சகனில் கை வைக்கும் முன் யாரும் சொல்கிற வழக்கத்தில், எதிரே வெறும் சுவரைப் பார்த்துச் சொன்னான்:

"வாங்க. பிஸ்மில்லாஹ்."

அருவிச் சத்தம் நின்றது.

ஆனி பிறந்ததிலிருந்து இரவும் பகலும் ஓடுகளை அதிரவைத்துக்கொண்டிருந்த இரைச்சல், யாரோ கதவைச் சாத்தியதுபோல இல்லாமல் போயிற்று. அந்த அமைதிக்குள் பாய் நெரியும் ஓசை. எதிரே ஒன்று. பிறகு இடப்பக்கம். பிறகு வலப்பக்கம். பாசியின் வாடை, நெடுநாள் நீருக்குள் கிடந்த துணியின் வாடை, நெய் மணத்தை மெல்ல அமுக்கியது.

அவன் ஒரு கவளம் அள்ளினான்.

எதிர்ப்பக்கத்தில் சோறு குழிந்தது.

இடப்பக்கம் இன்னொரு குழி. வலப்பக்கம் ஒன்று. குழிகளில் தெளிந்த நீர் ஊறியது. யாரும் இல்லை. கண்ணாடியின் அடியில் பாயின் கோரைகள் மட்டும் தெரிந்தன.

கையை எடுக்க நினைத்தான். அப்போது ஒரு கறித்துண்டு, நல்ல துண்டு, சோற்றைக் கீறிக்கொண்டு நகர்ந்து அவன் விரல்களிடம் வந்து நின்றது.

பக்கத்தில் இருப்பவனுக்கு நல்லதைத் தள்ளிவிடுவது சகனின் வழக்கம். எத்தனை வருடம். யாரும் அவனுக்குத் தள்ளியதில்லை.

அவன் அதைத் தின்றான். சில்லென்றிருந்தது.

அதன் பிறகு குழிகள் வேகமாயின. சோறு குறைந்தது. "வயிறு நெறஞ்சுட்டு" என்றான் யாக்கூப். எழுந்திருக்கப் போனான். மணிக்கட்டின்மேல் ஏதோ படிந்தது. ஈரம். கனம். வெந்த தோலைத் தொட அது அருவருக்கவில்லை. அழுத்தியது.

கதவு திறந்தது. சைதூன் பீவி.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பாயைச் சுற்றிப் பார்த்தாள். சட்டென்று முந்தானையைத் தலைக்கு இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கதவோரமாக ஒதுங்கினாள்.

"மாப்ள வீட்டு ஆளுவளா தம்பி?" என்றாள் தணிந்த குரலில். "முன்னமே சொல்லப்படாதா. இப்பிடி நனஞ்சுல்லா இருக்காக. மெதுவாச் சாப்பிடுங்க, தலை தொவட்டத் துண்டு கொண்டாரேன்."

"லாத்தா" என்றான். கையை இழுத்தான், வரவில்லை.

வேற்று ஆண்கள் உண்ணும் இடத்தில் நிற்பது மரியாதையில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

சோறு தீர்ந்துவிட்டது. கண்ணாடி வெறுமையாக மினுங்கியது. மூன்று பக்கமும் விரல்கள் வழிக்கும் ஓசை மட்டும் நிற்கவில்லை. ஈரக் கோடுகள் நடுமேட்டைச் சுற்றி வளைந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, சகனில் மிச்சமிருந்த ஒரே பொருளை நோக்கி நகர்ந்தன. அவன் கையை நோக்கி.