கூப்பிடும்வரை வெளியே

பெட்டி இருந்தது. பெட்டிக்குள் இருக்க வேண்டியதுதான் இல்லை.

கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்தின் இரும்பு அலமாரி முன்னால் நின்ற இளம் அதிகாரி, தீப்பெட்டி அளவு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்தாள், தட்டினாள், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விரல்நகம் அளவுள்ள மெமரி கார்டு ஒன்று அதில் இருந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் கடைசியாகச் சேர்ந்தவள் என்பதால் எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பழசு ஆவதற்குள் வேலை போய்விடும் போலிருந்தது.

“பேக்கரிக்காரர் பொண்ணோட நேர்காணல் பதிவு சார்... காணோம்.”

துறைத் தலைவரின் முகம் கடுத்தது. “அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“என்கிட்ட.”

“அப்ப வேற யாரைப் போய்க் கேக்கச் சொல்ற?”

வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் இன்ஸ்பெக்டரம்மா. காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கல்லூரி கல்லூரியாகப் போய், சேர்க்கை அதிகாரிகளுக்கு நெறிமுறைப் பயிற்சி நடத்துகிறார். பரிசு வாங்காதே, சிபாரிசுக்கு மசியாதே, வேண்டியவர் என்றால் விலகி நில். இதைத் தொண்டை வறளச் சொல்வார். கேட்பவர்கள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள் என்பதில் அவருக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. கடைக்காரர் சிரித்தால்கூடத் தராசைப் பார்க்கிற ஆள் அவர்.

ஆனால் இந்த அலுவலகத்தின் வழக்கம் ஒன்று அவருக்கே பிடித்திருந்தது. பேசப்படுகிற மாணவர் தனக்குச் சொந்தமோ வேண்டியவரோ என்றால், அந்த அதிகாரி கழுத்திலிருக்கும் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போக வேண்டும். கூப்பிடும்வரை வெளியே நடையில் நிற்க வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. பல வருடமாக இதுதான் பழக்கம். காலையில் பயிற்சி தொடங்கும்போது இதை அவர் வாயாரப் பாராட்டியிருந்தார். அவசரப்பட்டுவிட்டோமோ என்று இப்போது தோன்றியது.

நிலவரம் இதுதான். கட்டணமில்லாத இடம் ஒன்றே ஒன்று மிச்சம். தரவரிசையில் பேக்கரிக்காரர் மகள் முதலில், ஒரு பையன் அடுத்து. மாலையில் குழு கூடி, அவளுடைய நேர்காணல் பதிவைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பதிவு இல்லையென்றால் இடம் தானாக அடுத்தவருக்குப் போய்விடும். நகல் எடுக்கக் கூடாது என்று ஒரு விதி வேறு. பதிவு வெளியே கசியாமலிருக்கப் போட்ட விதி, திருடனுக்கு நன்றாகக் கை கொடுத்தது.

“போலீஸ் வேணாம்மா, கல்லூரி பேரு கெட்டுடும்,” என்றார் தலைவர். “குழு கூடறதுக்குள்ள நீங்களே பாத்துச் சொல்லுங்க. இல்லன்னா இந்தப் பொண்ணை இன்னிக்கே அனுப்பிட வேண்டியதுதான்.”

பழியைத் தூக்கி ஒருத்தி தலையில் கட்ட இவ்வளவு அவசரமா? இன்ஸ்பெக்டரம்மாவின் சந்தேகம் முதலில் தலைவர் மேல்தான் போனது.

பைகளைச் சோதித்தார்கள். சட்டைப் பைகள், மேசை இழுப்பறைகள், குப்பைத்தொட்டி எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றும் இல்லை. தலைவர் தன் காலணியைக் கழற்றி உதறியே காட்டினார்.

இன்ஸ்பெக்டரம்மா புதுசைத் தனியாக அழைத்துப் போனார். பயிற்சி அறைக்கு வெளியே ஒரு சிறிய நடை. அதன் முடிவில் கண்ணாடிக் கதவு. அடையாள அட்டையைக் காட்டினால்தான் திறக்கும். கழிப்பறை, தண்ணீர் வைத்திருக்கும் சமையல் மேடை, அதிகாரிகளின் மேசைகள் எல்லாம் அதற்கு அப்பால். புதுசு அட்டையைக் காட்டினாள். ‘டிங்’ என்று கதவு திறந்தது.

“நேத்து யார் யார் கையில அந்தப் பெட்டி போச்சு?”

“தலைவரும் மத்த ரெண்டு அதிகாரிங்களும் பாத்தாங்க மேடம். மார்க் போடறதுக்கு. பாத்துட்டுப் பெட்டியை என்கிட்ட குடுத்தாங்க. நான் பூட்டி வெச்சேன்.”

“திறந்து பாத்து வாங்கினியா?”

புதுசின் கண்ணில் நீர் கட்டியது. “பெரியவங்க குடுக்கறதை அவங்க முன்னாடியே எப்படி மேடம் திறந்து பாக்கறது?”

அட கடவுளே, மரியாதை! எத்தனை வழக்குகளில் இந்த மரியாதை குழி பறித்திருக்கிறது என்று நினைத்து இன்ஸ்பெக்டரம்மா பெருமூச்சு விட்டார். சாவியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. காலிப் பெட்டியைத்தான் இவள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறாள்.

“சரி, காலைல பயிற்சில உதாரணத்துக்கு நான் படிச்சேனே, நீ எழுதிக் குடுத்த மூணு மாணவர் கதை. அதை எங்கேருந்து எழுதின?”

புதுசு தலையைக் குனிந்தாள். “இந்த வருஷ விண்ணப்பங்கள்லேருந்துதான். பேரும் ஊரும் மட்டும் மாத்தினேன்.”

“தப்பு பண்ணியிருக்க. இது வேற வகுப்பு எடுக்க வேண்டிய தப்பு. மூணாவது கதை யாரோடது?”

“கட்டணமில்லாத இடத்துக்கு ரெண்டாவதா இருக்கானே, அந்தப் பையனோடது.”

இன்ஸ்பெக்டரம்மா சட்டென்று நின்றார். மூன்றாவது கதை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாத்தாவைப் பார்த்துக்கொள்ள, ஒரு வருடம் படிப்பை நிறுத்திய மாணவன். தினமும் காலையில் அவருக்குச் சவரம் செய்துவிட்டு, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவானாம். அதைப் படிக்கும்போது அவர் குரலே கொஞ்சம் கம்மியது.

அடுத்து விசாரணை. முதலில் தலைவர்.

“காலைல நடுவுல வெளியே போனீங்களே?”

“மொதல் கதை ஓடும்போது போன் வந்துச்சு. என் ரூமுக்குப் போய்ப் பேசினேன்.”

“யாரு?”

“என் வீட்டுக்காரி. வேணும்னா அவகிட்டயே கேளுங்க. ஆனா அதுக்கப்புறம் என்னைக் காப்பாத்த வேண்டியது உங்க பொறுப்பு.”

இரண்டாவது, கலகலப்பு. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற பெண் அதிகாரி. பேக்கரிக்காரர் மகளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண் போட்டவர் அவர்தான்.

“ஏன் அவ்வளவு கம்மி?”

“அந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி மேடம். இந்தக் காலேஜுக்கு நான் ஒருத்தி போதாதா?” சிரித்தார். இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அடங்கினார். “ரெண்டாவது கதைல நான் பாத்ரூம் போனேன். அவ்வளவுதான்.”

உண்மைதான். அவர் போகும்போது கதவின் ‘டிங்’ பயிற்சி அறைவரை கேட்டது.

கடைசியாகக் கணக்கு. முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர், அதனால் அந்தப் பெயர். அதிர்ந்து பேசாதவர். ஒரு மாணவருக்கும் சலுகை காட்டியதில்லை என்று மற்ற மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

“மூணாவது கதை பாதியில எழுந்து போனீங்க.”

“ரத்த அழுத்த மாத்திரை போட மறந்துட்டேன்மா. உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டு வந்தேன்.”

“ரொம்ப நேரம் ஆச்சே. நான்தான் வந்து கூப்பிட்டேன்.”

“வயசாயிடுச்சுல்ல.”

இன்ஸ்பெக்டரம்மா தலையாட்டினார். காலையில் கணக்கு எழுந்து போனபின், அவர் மேசையில் காலியாக இருந்த இடத்தில்தான் இன்ஸ்பெக்டரம்மா படம் காட்டும் கருவியை வைத்தார். அதற்காகக் கணக்கின் தேநீர்க் கோப்பையையும் அட்டையையும் ஓரமாக நகர்த்தியது இன்ஸ்பெக்டரம்மாவின் கைதான். நகர்த்தும்போது தோன்றாதது இப்போது தோன்றியது. அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

குழு கூடுவதற்குச் சற்று முன், நால்வரையும் பயிற்சி அறைக்குக் கூப்பிட்டார்.

“கணக்கு சார், தண்ணி குடிக்கப் போனேன்னு சொன்னீங்க. கண்ணாடிக் கதவைத் திறந்தது யாரு?”

“நான்தான்.”

“எதை வெச்சு?”

அவர் கை தன்னையறியாமல் கழுத்து அட்டையைப் பிடித்தது. பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

“உங்க அட்டை அந்த நேரம் இந்த மேசைமேல கிடந்துச்சு. நானே நகர்த்தி வெச்சேன். கதவும் சத்தம் போடல. அப்ப நீங்க உள்ள போகவே இல்ல. வெளியே நடையில நின்னுக்கிட்டிருந்தீங்க, நான் கூப்பிடற வரைக்கும். அட்டை எப்படிக் கிடந்துச்சு தெரியுமா சார்? கவிழ்ந்து.”

கலகலப்பின் சிரிப்பு எங்கோ போய்விட்டது. தலைவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“பயிற்சிக்காகச் சொன்ன கதைக்கு யாராவது விலகிப் போவாங்களா? கதைல வர்றது யாருன்னு தெரிஞ்சவங்கதான் போவாங்க. யோசிச்சு நீங்க எழுந்துக்கல. வருஷக்கணக்கா ஊறின பழக்கம் உங்களை எழுப்பிடுச்சு.”

கணக்கு மெல்லச் சொன்னார்.

“அந்தத் தாத்தா என் அப்பா.”

அவர் கழுத்து அட்டையை விட்டுவிட்டுக் கையை மேசைமேல் வைத்தார்.

“அவன் என் தங்கச்சி பையன். நான் வேலை வேலைன்னு இருந்துட்டேன். அப்பாவைத் தூக்கி உக்கார வெச்சுப் பாத்துக்கிட்டது அவளும் அவனும்தான். நான் ஒரு நாள் சவரம் பண்ணிவிட்டது கிடையாது. ஒரு தடவையாவது அவளுக்கு ஏதாவது செய்யணும்னு நெனச்சேன். நேர்காணல் அன்னிக்கே அட்டையைக் கவிழ்த்திருக்கணும். கவிழ்க்கல. பையனுக்கு எதுவும் தெரியாது. அவன் பேரு கெடக் கூடாதும்மா.”

“கெடாது. இந்தப் பொண்ணுக்கு வேலை போயிருக்குமே, அதை யோசிச்சீங்களா?”

அவர் புதுசைப் பார்க்க முயன்றார், முடியவில்லை. அட்டையைக் கழற்றி, பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைமேல் செருகியிருந்த புகைப்படத்தை உருவினார். அதன் பின்னாலிருந்து மெமரி கார்டு மேசைமேல் விழுந்தது. எல்லோர் பையையும் உதறினார்கள், கழுத்தில் தொங்கியதை மட்டும் யாரும் தொடவில்லை. காலையில் அதைத்தான் இன்ஸ்பெக்டரம்மா தன் கையாலேயே ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்.

“ஏன் உடைச்சுப் போடல?”

“ஒரு பிள்ளையோட பதிவை அழிக்கறதுக்குக் கை வரலம்மா.”

வெளியே குழு உறுப்பினர்களின் காலடி கேட்டது. கணக்கு எழுந்தார். புகைப்படம் உருவிய அட்டையை உறையோடு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு நடைக்குப் போனார்.

பதிவு ஓடியது. பேக்கரிக்காரர் மகள் திரையில் படபடவென்று பேசினாள், நடுவில் ஒரு கேள்வியையே தப்பு என்று திருத்தினாள். கலகலப்புகூடத் தன்னை மறந்து சிரித்துவிட்டார். இடம் அவளுக்கே என்று முடிவானது.

எல்லோரும் காகிதங்களை அடுக்கத் தொடங்கியபோது, புதுசு கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

“மேடம், சார் இன்னும் அங்கேயே நிக்கறாரு. கூப்பிடட்டுமா?”

இன்ஸ்பெக்டரம்மா தலைவரைப் பார்த்தார். தலைவர் கவிழ்ந்து கிடந்த அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நடையில் விளக்கு எரிந்தது. கூப்பிடும்வரை வெளியே நிற்பதுதான் விதி. கணக்கு கையைக் கட்டிக்கொண்டு, சுவரில் சாயாமல், நின்றுகொண்டே இருந்தார்.