கழுவ முன் எடுத்த படம்

குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் பிரதீபா ஒட்டி வைத்திருந்த பொட்டுகளில் ஒன்றுகூட இல்லை.

“என்ர பொட்டெல்லாத்தையும் ஆரப்பா சுரண்டினது? உங்கட கிளீனிங் வேலையை வீட்டிலயும் துவங்கிட்டீங்களோ?”

“நான் தொடேல்லை.”

“அப்ப பேய் வந்து கழுவினதாக்கும்.” சிரித்துக்கொண்டே ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அவள் கணவன் கிருபன் சிரிக்கவில்லை. பொட்டிருந்த இடத்தில் பசைகூட இல்லை, ஈரம் மட்டும் இருந்தது. அதில் ஏரித் தண்ணீரும் நனைந்த கருங்கல்லும் கலந்த வாடை. வடக்கே ஏரிக்கரைப் பாறையைக் கழுவும் வேலையை முடித்து வந்த நாளிலிருந்து எவ்வளவு தேய்த்துக் குளித்தும் அவன் கையை விட்டுப் போகாத வாடை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மோர்னிங்சைட்டில் பள்ளிக்கூடங்களெல்லாம் பூட்டு. மேலே தன் அறையில் மகள் துர்க்கா எதையோ பாடிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் போன் வந்தது. அந்த ஏரிக்கரைப் பூர்வகுடிகளின் சபையிலிருந்து ஒரு பெண். கல்லுடைக்கும் கொம்பனியோடு வழக்கு நடக்கிறது என்றாள். பாறையில் தங்கள் முன்னோர் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் இருந்தன என்று காட்டினால்தான் பாறை தப்பும். அவற்றைப் படமெடுப்பது தங்களுக்கு வழக்கமில்லை. கழுவ வந்தவர் எடுத்திருப்பாரோ என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாமலிருந்தது.

“நோ,” என்றான். “நோ பிக்சர்ஸ்.”

இருந்தது. கழுவ முன் ஒன்று, கழுவின பின் ஒன்று. பில்லோடு அனுப்புவதற்கு இரண்டும் எடுப்பது இந்தத் தொழிலில் வழக்கம். “பொடியள் கிறுக்கினது, அடிச்சு விடு” என்று சொல்லித்தான் முதலாளி றொய்சன் அனுப்பினான். ஸ்பிரே பெயின்ற் தோல்போல உரியும். இது உரியவில்லை. கல்லே கசிவதுபோலச் சிவந்து, ஒரு படகும், படகிலிருந்த ஆட்களும், விரித்த ஒரு கையும் ஏரிக்குள் வழிந்து இறங்கின. முதல் வீச்சிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் தண்ணீர் பீய்ச்சும் குழாயின் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

போனை வைத்தபோது சுவருக்குள் சத்தம் கேட்டது. சீறும் தண்ணீர். ஹீற்றர் என்று நினைத்தான். சத்தம் சுவரோடு நகர்ந்து, குசினியைத் தாண்டி, கூடத்துக்கு வந்தது. அவன் பின்னால் போனான். கதவு நிலையில் துர்க்காவின் உயரத்தை ஒவ்வொரு பிறந்தநாளும் பேனையால் கீறி வந்த கோடுகளைக் காணவில்லை. மரம் நனைந்திருந்தது. கலியாணப் படத்தில் மாலைகள் இருந்தன, மாலைகளுக்கு மேலே இரண்டு வெள்ளைத் திட்டுகள்.

றொய்சனுக்குப் போன் எடுத்தான்.

“அண்ணை, அந்தக் கழுவ முன் எடுத்த படம்… குடுத்திடுவமே?”

“உனக்கென்ன விசரே? கல்லுடைக்கிற கொம்பனியின்ர கொன்றாக்ற் போயிடும். வான் லீஸ் ஆர் கட்டுறது, அவையே? உன்ர போனில கிடக்கிறதையும் அழி.”

படத்தைத் திறந்தான். படகு. ஆட்கள். விரித்த கை. அந்தப் பெண்ணின் நம்பர் மேலே அப்படியே இருந்தது. அனுப்ப ஒரு விரல் போதும்.

சீறல் படியேறத் தொடங்கியது.

அழித்தான்.

சத்தம் நின்றது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தான். படம் இனி எங்கும் இல்லை. முடிந்தது. மூச்சு சீராக வந்த பிறகுதான் கவனித்தான், மேலே பாட்டும் நின்றிருந்தது.

“துர்க்கா?”

படியேறினான்.

படிகள் ஈரம். கைப்பிடி ஈரம். கதவு திறந்திருந்தது. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். கூந்தலில் தண்ணீர் சொட்டியது.

“பிள்ளை… அப்பாவைப் பாருங்கோ.”

திரும்பினாள்.

வழுவழுப்பு. கழுவின கல். கண் இல்லை. வாய் இல்லை.

விரித்த சின்னக் கையால் அவள் தன் முகத்தைத் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.