வெள்ளை ஐம்பது காசு

துணிப்பை இருந்தது. பைக்குள் காசும் இருந்தது. ஆனால் அது அந்தக் காசு இல்லை.

சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய வரிசை வீடு. பழனியப்பன் அந்தச் சின்னப் பையைப் போலீஸ் சார்ஜன் கலாதேவியின் முன்னால் கவிழ்த்தார். பளபளவென்று ஒரு மஞ்சள் ஐம்பது காசு மேசையில் உருண்டது.

“என்னோடது வெள்ளைக் காசு மேடம். பழசு. அச்சு கோணலா விழுந்தது. அந்த மாதிரி இன்னொண்ணை நான் பார்த்ததே இல்லலா.”

பழனியப்பன் முன்னாள் லாரி டிரைவர். கையில் சில்லறை விழுந்தால் எந்த வருஷத்துக் காசு என்று பார்க்காமல் விடமாட்டார். சாயங்காலமானால் அவரும் மனைவி நல்லம்மாளும் அன்றைய சில்லறையைக் கொட்டி, ஆளுக்கொரு பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் கோணல் காசு நல்லம்மாள் கண்டெடுத்தது, மீன்காரன் கொடுத்த மிச்சத்தில். இப்போது நல்லம்மாள் இல்லை. கருமாதி முடித்துப் பையைத் திறந்தால் இந்தக் கூத்து.

“யார் மேல சந்தேகம்?”

“மருமக மேலதான். சாவன்னிக்கு நான் போட்டிருந்த சட்டையைத் துவைச்சது அவ. சட்டையிலேர்ந்து பையை எடுத்து சாமி மேடையில வச்சதும் அவ. வேற யாரும் தொடல.”

கலாதேவிக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் ஒரு பொருள் காணோமென்றால் முதலில் மாட்டுவது மருமகள்தான். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போயிருந்தாள்.

மருமகள் தினேஸ்வரி வாசலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். தைப்பிங்கில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பியாயிற்று. பெட்டிக்குள் சேலைகள் கலைந்து, உள்பாவாடை வரை வெளியே தொங்கின.

“பெட்டியைக் கலைச்சது யாரு?”

“அவருதான்.” கண்ணாலேயே கணவன் தனேஸ்வரனைக் காட்டினாள்.

“காசை எடுத்தியா?”

“இல்லக்கா.”

“எங்க போச்சுன்னு தெரியுமா?”

பதில் இல்லை. திருடியவளாக இருந்தால் இந்த இடத்தில் ‘தெரியாது, தெரியாது’ என்று சத்தியம் செய்திருப்பாள். கலாதேவி அதை மனசில் போட்டுக்கொண்டாள்.

மேசையோரம் ஒரு பிஸ்கட் டின். திறந்தால் பழைய வெள்ளை ஐம்பது காசுகள் குவிந்து கிடந்தன.

“இதெல்லாம் என்ன?”

“சாதாரணக் காசு மேடம். சும்மா சேர்த்தது.”

“உங்க காசைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“அவ போன ராத்திரி. பையிலேர்ந்து எடுத்துக் கையிலேயே வச்சுக்கிட்டு அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். காலையில குளிப்பாட்டிக் கிடத்தினதுக்கு அப்புறம்தான் திரும்பப் பையில போட்டேன்.”

“பார்த்துப் போட்டீங்களா?”

“என்னத்தைப் பார்க்கிறது? கண்ணாடி எங்க கிடந்துச்சோ! கண்ணு பூரா தண்ணி.”

பக்கத்து வீட்டு இருளாயி காப்பி கொண்டுவந்தாள். அன்றைக்குச் சாமான் எடுத்துக் கொடுத்தது யார் என்று அவளிடம் கேட்டாள் கலாதேவி.

“வெத்தல, சந்தனம் எல்லாம் நான்தான். நெத்தியில வைக்கிற காசுகூட என் பர்சிலேர்ந்துதான் அண்ணன் கையில குடுத்தேன். புதுக் காசு, மஞ்சளா மின்னுச்சு.”

கலாதேவி காப்பியைத் தொடவில்லை. “தம்பி, அன்னிக்கு யாராவது படம் எடுத்தீங்களா?”

வரமுடியாத சொந்தக்காரர்களுக்காகத் தனேஸ்வரனே எடுத்திருந்தான். அவன் நீட்டிய கைத்தொலைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு பெரியவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“ஐயா, இந்த வீட்டு ஆளு காசை மாத்தியிருந்தா, டின்ல இருக்கிற வெள்ளைக் காசைத்தானே பையில போட்டிருப்பாங்க? நீங்களும் சட்டுன்னு கண்டுபிடிச்சிருக்க மாட்டீங்க. மஞ்சளைப் போட்டவரு என்ன போடுறோம்னு பார்க்காமயே போட்டிருக்காரு. அன்னிக்குக் காலையில இந்த ரெண்டு காசும் ஒரே ஆளு கையிலதான் இருந்துச்சு.”

படத்தைக் காட்டினாள். நல்லம்மாளின் நெற்றியில், சந்தனத்தின்மேல், பெரிய வெள்ளைக் காசு.

“எடுத்தது உங்க கைதான், ஐயா.”

பழனியப்பன் கைத்தொலைபேசியை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“சாம்பலோட கோலா கங்சார் ஆத்துல கரைச்சாச்சே,” என்றான் தனேஸ்வரன் மெல்ல.

கலாதேவி வாசல் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியும், இல்ல?”

“சந்தனம் வச்சது நான்தானேக்கா. பார்த்தேன். மாமா வேணும்னேதான் அதைக் குடுக்கிறாருன்னு நினைச்சேன். காசைக் காணோம்னு அவரு கத்தினப்பதான் எனக்கே விளங்குச்சு. அத்தைக்கு அவரு கையால கடைசியா குடுத்தது. அதைப் போயி, தெரியாமக் குடுத்துட்டீங்கன்னு எப்படிச் சொல்றது? திட்டினா திட்டிட்டுப் போறாருன்னு இருந்துட்டேன்.”

“ஐயோ, அம்மா தினேசு!” பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். “உன்னையா திருடின்னு சொன்னேன்? பாவி நான்!”

“நீங்க துக்கத்துல சொன்னீங்க மாமா. அது எனக்குப் பெரிசில்ல.” கலைந்த சேலைகளை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பெட்டியை மூடினாள். “இவருக்கு என்ன? ஒரு வார்த்தை கேட்கல. நேரா வந்து பெட்டியைக் கொட்டினாரு.”

வாடகைக் கார் வந்து நின்றது.

“தோசை மாவு ஃபிரிட்ஜில இருக்கு மாமா. வேளைக்குச் சாப்பிடுங்க.”

கார் முனை திரும்பி மறைந்தது. தனேஸ்வரன் படியிலேயே நின்றான்.

“நின்னுக்கிட்டு என்னடா பார்க்கிற? மோட்டார்சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பின்னால போடா!” என்று கத்தினார் பெரியவர்.

அவன் அசையவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவான்?

கலாதேவி அந்த மஞ்சள் காசைப் பெரியவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். பழனியப்பன் அதை எடுத்துத் துணிப்பைக்குள் போட்டு முடிந்தார். வருஷம் பார்க்கவில்லை.