அமுங்காத பனி

காலையில் அவர்கள் வந்த தடத்தைக் காணவில்லை.

ரிஸ்தென்தான் அதை முதலில் கவனித்தாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் ஹேய்காவின் தோளுக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தபோது, விளக்கு வெளிச்சம் விழுந்த இடமெல்லாம் பனி ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. விடிய வேண்டிய நேரத்தில் இதே பள்ளத்தாக்கு வழியாகத்தான் இருவரும் ஊருக்கு இறங்கினார்கள். அந்த மாதத்தில் அந்த வடகோடியில் விடியல் என்று ஒன்று கிடையாது, தெற்கே கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். அதன் பிறகு பனி பெய்யவில்லை. காற்று இந்தப் பள்ளத்துக்குள் எப்போதுமே நுழையாது. பனிவண்டியின் ரப்பர் பட்டை உழுதுபோட்ட பள்ளம் ஒரு வாரமானாலும் அப்படியே இருக்கவேண்டியது.

நிறுத்தாதே என்று அவள் வாயெடுப்பதற்குள் ஹேய்கா நிறுத்திவிட்டான். தடம் எங்கே என்று பார்க்க ஒரு கணம், அவ்வளவுதான். ஆழப் பனிக்கு அது போதும். ஓடுகிற வரைக்கும்தான் வண்டி பனிமேல் மிதக்கும், நின்றால் அடியைத் தேடிப் போய்விடும். கலைமான் மேய்க்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்பக்கம் மெல்ல இறங்கியது. பதறிப்போய் அவன் ஆக்ஸிலேட்டரை அழுத்த, பட்டை சுழன்று சுழன்று தனக்கே குழி தோண்டிக்கொண்டது.

"கையை எடுடா! இன்னும் தோண்டு, அடியில தண்ணி வரும், மீன் பிடிக்கலாம்."

"மீன் பிடிக்கிறது உங்க வீட்டு வேலை அண்ணி. கடற்கரைக்காரங்க எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர வேண்டாம்."

அவள் கல்யாணமாகி இந்த மேட்டு நிலத்துக்கு வந்து பதினைந்து வருஷமாகிறது. இன்னும் அவன் வாயில் அவள் கடற்கரைக்காரிதான். அவளும் ஒன்றும் இளைத்தவளில்லை, வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் அவன் ஒருநாளும் போனதில்லை.

ஆனால் இன்றைக்குச் சண்டைக்கு நேரமில்லை. மேலே, ஏரிக்கு அந்தப் பக்கத்து மேய்ச்சல் குடிசையில் அவள் கணவன் ஆஸ்லாத் கால் முறிந்து கிடக்கிறான். அவன் வண்டியும் பாறையில் மோதி நொறுங்கிவிட்டது. இந்த மூட்டத்தில் ஹெலிகாப்டர் வராது, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஊரில் கைவிரித்துவிட்டார்கள். வலி மாத்திரையும் கட்டுத் துணியும் வாங்கிக்கொண்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய் வெளியிலிருந்து விறகு எடுக்க ஆஸ்லாத்தால் முடியாது. அடுப்புப் பக்கத்தில் அவள் அடுக்கிவிட்டு வந்தது இந்நேரம் தீர்ந்துகொண்டிருக்கும். அடுப்பு அணைந்தால் இந்தக் குளிரில் ஆள் அணைய அதிக நேரம் பிடிக்காது.

வேலை என்னவென்று இருவருக்கும் தெரியும். சாமான் பையை இறக்கினார்கள். வண்டியின் வயிற்றுக்கு அடியில் அடைத்திருந்த பனியை ரிஸ்தென் தகர வாரியால் அள்ளிப் போட்டாள். ஹேய்கா முன்பக்கம் இறங்கி, இடுப்பளவு பனியில் நீந்துவது மாதிரி போய்த் திரும்பி, வண்டி ஏறி வருவதற்கு ஒரு பாதை மிதித்தான். மிதிக்க மிதிக்கப் பனி நறநறவென்று முனகி முழங்கால் ஆழத்துக்கு அமுங்கியது. பிறகு வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பட்டை தோண்டிய குழியில் பனியைத் தள்ளினார்கள். பெட்ரோல் நெடி, சூடான ரப்பரின் நாற்றம், வேர்வையில் ஊறிய கம்பளி வாசனை எல்லாம் நகர இடமில்லாமல் அவர்களைச் சுற்றியே நின்றன.

"வெறும் பனி தாங்காது. கீழ போய் பிர்ச் மரக் கொம்பு நாலு வெட்டிட்டு வர்றேன், பட்டைக்கு அடியில போடலாம்" என்றான் ஹேய்கா. "நான் வர்றதுக்குள்ள பாதை இறுகிடும். அதுவரைக்கும் எதையும் தொடாம சும்மா இருங்க. சும்மா இருக்கத் தெரியும்ல?"

"நீ வர்றதுக்குள்ள வசந்தம் வந்துடாம பாத்துக்க."

மிதித்த பனியைக் கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாக உறைந்து பலகையாகிவிடும். அதற்குள் வண்டியை எடுப்பவன் மறுபடி புதைவான். எனவே காத்திருக்க வேண்டும். அவள் எஞ்சினை அணைத்துவிட்டு, நெற்றி விளக்கை மட்டும் எரியவிட்டு, இருக்கையில் உட்கார்ந்தாள்.

வந்த வழியாகவே சரிவில் இறங்கிப்போன ஹேய்காவின் வெளிச்சத்தை மூட்டம் சீக்கிரமே விழுங்கிவிட்டது. அப்புறம் அவன் ராகம் கேட்டது. அந்த மேட்டு நிலத்து மக்களில் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு ராகம் உண்டு, வார்த்தையில்லாதது, பெயர் மாதிரி ஆளோடு ஒட்டிக்கொண்டது. இருட்டில் போகிறவன் அதைப் பாதி பாடி நிறுத்துவான். கேட்கிறவர் மீதியை வாங்கிப் பாட வேண்டும். நீ இருக்கிறாய், நானும் இருக்கிறேன், வா என்று அதற்கு அர்த்தம். வீட்டு வாசலில் அதைக் கேட்டு உள்ளேயிருப்பவர் மீதியைப் பாடினால், அதுவே கதவைத் திறந்து உள்ளே அழைப்பது. ஹேய்காவின் ராகத்தில் நடுவில் விக்கல் மாதிரி ஒரு தடுக்கல் வரும். சின்ன வயதில் அவன் தடுக்கித் தடுக்கி விழுவான் என்று அவன் அத்தை வேண்டுமென்றே வைத்தது.

கீழேயிருந்து பாதி ராகம் வந்தது. நின்றது. காத்திருந்தது.

ரிஸ்தென் பதில் பாடவில்லை. பதினைந்து வருஷத்தில் ஒருமுறைகூட அவனுக்கு அவள் பாடியதில்லை. கடற்கரைக்காரிக்கு எதற்கு உங்கள் பாட்டு? மறுபடியும் அதே பாதி வந்தது, இன்னும் தூரத்திலிருந்து, கொஞ்சம் அவசரமாக. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூன்றாவது முறை அது தடுக்கலுக்கு முன்பே அறுந்துபோனது.

அப்புறம் ஒன்றுமில்லை. கோடரிச் சத்தம் கேட்க வேண்டும், கேட்கவில்லை. எஞ்சின் ஆறும்போது வருகிற உலோகச் சத்தம் மட்டும் டிக், டிக் என்று குறைந்துகொண்டே போய், அதுவும் ஓய்ந்தது. தன் கண்ணிமைகளில் உறைபனி ஒட்டிப் பிரிவதுகூட அவளுக்குக் கேட்டது.

அவன் முன்பக்கத்திலிருந்து வந்தான்.

பின்னால் போனவன் முன்னால் எப்படி வருவான் என்ற கேள்வி அவளுக்கு உடனே வரவில்லை. ஹேய்காவின் கோட்டு, ஹேய்காவின் தொப்பி, கழுத்தைச் சுற்றி ஹேய்காவின் சிவப்புத் துணி. கையில் கொம்பு இல்லை. நெற்றி விளக்கும் இல்லை.

"கொம்பு எங்கடா? வெறுங்கையை வீசிட்டு வர்றதுக்கா இவ்வளவு நேரம்?"

அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவன் பாதையை மிதிக்கத் தொடங்கினான். ஒழுங்காக, நிதானமாக, முன்னும் பின்னும். போகட்டும், கோபித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள். வேலை நடந்தால் சரி. வெளிச்சத்தை அவன் கால் பக்கம் திருப்பினாள்.

பனி முனகவில்லை.

முதலில் அதுதான் பட்டது. அத்தனை மிதிக்கும் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. பாதை இறுகிவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் பாதையைத் தாண்டியும் மிதித்துக்கொண்டு போனான். யாரும் மிதிக்காத பனி அது. அவன் பாதம் அதன் மேல்தோலில் பட்டது, எழுந்தது, பட்டது. ஒரு பொடிகூட நகரவில்லை. அவள் வண்டியிலிருந்து ஒரு காலை எடுத்து ஓரத்துப் பனியில் வைத்தாள். தொடைவரை போனது.

காலை மெதுவாக, மிக மெதுவாக மேலே இழுத்துக்கொண்டாள்.

"ஹேய்கா?"

அவன் மிதிப்பதை நிறுத்தினான். வண்டியின் முன்பக்கச் சறுக்குக் கட்டைகளில் கட்டியிருந்த கயிற்றைக் குனிந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி நின்றான். இழுக்கத் தயார். ஹேய்கா பக்கத்தில் நின்றால் புகையும் கலைமான் கொழுப்பும் நாறும். இங்கே ஒரு வாசனையும் இல்லை.

கீழே போய்த் தேடலாம், கொழுந்தனைக் கூப்பிடலாம். எதற்கும் முதலில் இந்த வண்டியிலிருந்து இறங்க வேண்டும். இறங்கினால் இடுப்பளவு பனி, எதிரே பனிமேல் நடக்கிற ஒன்று. மேலே ஆஸ்லாத்தின் அடுப்பில் கடைசி விறகு.

ஒரே ஒரு வழி தோன்றியது. குழியிலிருந்து ஏறிய வண்டி கெட்டித் தரை வரும்வரை நிற்கக்கூடாது, இழுத்துவிட்டவனுக்காகக்கூட நிற்கக்கூடாது, அவன்தான் பின்னால் நடந்து வர வேண்டும். அது அங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். ஏறியதும் இதை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடலாம். உறைந்து கெட்டியான ஏரியில் நின்று ஹேய்காவைக் கூப்பிடலாம். ஓடுகிற வண்டியில் யாரால் ஏற முடியும்?

சாமான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பினாள். ஆக்ஸிலேட்டரைப் பூவைத் தொடுவது மாதிரி தொட்டாள்.

கயிறு விறைத்தது. கொம்பு போடாத குழியிலிருந்து வண்டி ஒரு குழந்தையைத் தூக்குவது மாதிரி எழுந்து வந்தது. பட்டை பிடித்தது. அவள் அழுத்தினாள். சிவப்புத் துணி பக்கவாட்டில் கடந்து போனது. போய்விட்டது. பின்னால் போய்விட்டது!

இரண்டு கைகள் பின்னாலிருந்து அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன.

இருக்கை அமுங்கவில்லை. வண்டி ஒரு சிறிதும் தாழவில்லை. கைகள் மட்டும்.

அப்போது கீழே, மூட்டத்துக்குள், எஞ்சின் இரைச்சலையும் மீறி ஒரு குரல் கேட்டது. மூச்சிரைத்த, கோபமான, உயிருள்ள குரல்.

"அண்ணி! கொம்பு வெட்டிட்டேன், நில்லுங்க! அண்ணி..." ஒரு இடைவெளி. "யாரு அது? உங்க பின்னாடி யாரு உக்காந்திருக்கிறது?"

நிறுத்தினால் புதைவாள். புதைந்தால் இதோடுதான் கிடக்க வேண்டும். ஆஸ்லாத். அடுப்பு. ஹேய்கா. அவள் அழுதாள், வாய்விட்டு அழுதாள், ஆனால் கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரை விடவில்லை.

"அண்ணி, பாடுங்க! ஒரு தடவை பாடு..."

குரல் அறுந்தது.

அறுந்த அதே கணத்தில் பின்னிருக்கை அமுங்கியது. ஒரு முழு ஆளின் கனத்துக்கு. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, பட்டை திணறி, மறுபடி பிடித்தது. அவள் முதுகில் ஒரு மார்பு சாய்ந்தது. புகை நாறியது. கலைமான் கொழுப்பு நாறியது.

பள்ளத்தாக்கு முடிந்தது. ஏரி வந்தது. கெட்டித் தரை. இப்போது நிறுத்தலாம். அவள் நிறுத்தவில்லை. எங்கே போய் நிறுத்துவாள்? கைகள் இறுகின. எதிரே குடிசையின் ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. அடுப்பு இன்னும் எரிகிறது. உயிரோடு இருக்கிறான்.

வாசலை நெருங்கியதும் ஒரு கை முன்னால் நீண்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தது. மற்றொரு கை அவள் வாயை மெல்லப் பொத்தியது. கையுறையில் பிர்ச் மரத்தின் பச்சை வாசனை.

அவள் காதோரம் ராகம் தொடங்கியது. தடுக்கல்வரை சரியாக வந்து, நின்றது. காத்திருந்தது.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.

"தம்பி!" என்றான் ஆஸ்லாத். வலியிலும் அவன் குரலில் அத்தனை சந்தோஷம். ரிஸ்தென் கையுறைக்குள் கத்தினாள். சத்தம் வெளியே வரவில்லை. உள்ளே அவள் கணவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மீதி ராகத்தை வாங்கிப் பாடத் தொடங்கினான்.