கழுவப்படாத பாதம்

சூரியன் மறைந்துவிட்டான், சந்திரன் இன்னும் எழவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் ஆகையால் இருட்டி இரண்டு நாழிகை சென்ற பிறகுதான் அவன் வருவான். அந்த இடைவெளியில் வெள்ளாறு நாணற்புதர்களையும் மணல்திட்டுகளையும் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டு, கரிய நீராய்ச் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்தது. தென்கரையில், ஆற்றைப் பார்த்தபடி, செம்மணற்கோட்டை நின்றது. வடகரையிலோ மூன்று நாட்களாகப் பகைவரின் பாசறைத் தீ எரிந்துகொண்டிருந்தது. முதல் நாள் நூறு இடத்தில் எரிந்தது. மறுநாள் முந்நூறு இடத்தில். இன்று எத்தனை என்று எண்ணிப் பார்க்கக் கோட்டையில் யாருக்கும் துணிவில்லை. வாசகர்களே, அந்த மாலையில் கோட்டைக்குள் அச்சமின்றி இருந்த உயிர்கள் கொட்டடியில் கொள்ளு மென்றுகொண்டிருந்த குதிரைகள் மட்டுமே என்று சொன்னால் அது மிகையாகாது.

அரண்மனை முற்றத்தில் உமைநங்கையும் வெள்ளிச் செம்பை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கோட்டையின் குதிரை மருத்துவர் பூவணரின் மகள். இவ்வாண்டு பாதநீர் விழாவுக்குக் குடவோலையில் அவள் பெயர் வந்திருந்தது. படையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களை வரிசையாக அமர்த்தி, ஆற்று நீரால் ஒரு கன்னிப் பெண் அவர்களுடைய பாதங்களைக் கழுவுவாள். அப்போது அரசி முதல் அடிமை வரை அனைவரும் கண்களை மூடித் தலை வணங்க வேண்டும். பாதம் கழுவப்பட்டவனின் சொல்லை அதன் பிறகு யாரும் ஐயுறக் கூடாது. அவனைப் பழித்துப் பேசுபவரின் நாக்கு அறுக்கப்படும். இதுவே தலைமுறை தலைமுறையாக வந்த கட்டளை. போரில் கணவனை இழந்த அரசி மாதேவியாருக்கு இதைவிடப் புனிதமான வழக்கம் வேறொன்றும் இல்லை.

அந்தக் கட்டளை எத்தகையது என்பதை உமைநங்கை பிறர் சொல்லி அறியவேண்டிய அவசியமில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன், பாதம் கழுவப்பட்ட வீரன் ஒருவன் ஏழை வீடொன்றில் புகுந்து பெண்ணின் தாலியைப் பறித்ததைக் கண்ணால் கண்டு, அவையில் வந்து சொன்னார் பூவணர். சொன்ன வாய் அன்றோடு மூடியது. இன்றும் அவர் கூட்டத்தின் கடைசியில், வழக்கம்போல் மேலாடையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

உமைநங்கை ஒவ்வொருவராகக் கழுவிக்கொண்டு வந்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, பார்க்கும் உரிமை அவள் ஒருத்திக்கே இருந்தது. பாதங்கள் எவ்வளவு பேசுகின்றன என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. இது சேற்றில் ஊறிய உழவனின் பாதம். இது தறிக்குழியில் மிதித்து மிதித்து விரல் வளைந்த நெசவாளனின் பாதம். பத்தாவதாக அமர்ந்திருந்தவன் விடங்கன் என்ற அழகிய இளைஞன். கடற்கரை உப்பளத்திலிருந்து வந்தவன் என்று பெயர் கொடுத்திருந்தான்.

அவன் பாதத்தைக் கையில் எடுத்தவள் திடுக்கிட்டாள். உப்பு அரித்த வெடிப்பு ஒன்றுகூட இல்லை; உள்ளங்கால் மிருதுவாக இருந்தது. ஆனால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் மட்டும் தோல் தடித்துக் காய்த்திருந்தது, இரண்டு கால்களிலும். குதிரைகளிடையே வளர்ந்த பெண்ணுக்கு அதன் பொருள் ஒரு கணத்தில் விளங்கியது. தென்கரை வீரர்கள் அகலமான மர அங்கவடியில் முழுக்காலையும் வைத்துக் குதிரை ஓட்டுவார்கள். சேணத்தில் தொங்கும் சிறிய இரும்பு வளையத்தில் பெருவிரலை மட்டும் நுழைத்து ஓட்டுபவர்கள் வடகரையார்.

அவள் நிமிர்ந்தாள். விடங்கன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீரை ஊற்று, பெண்ணே," என்றான் மிக மெதுவாக.

ஊற்றினாள். வேறென்ன செய்வாள்? நாக்கு வாயில் இருக்கிறதா என்று ஒருமுறை பல்லால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வரிசையின் கடைசியில் இருந்தவன் ஐயாறன், மேட்டுநிலத்து உழவன் மகன். அவள் குனிந்ததும் அவன் காலை இழுத்துக்கொண்டான்.

"வேண்டாம் அம்மணி," என்றான்.

மூடிய கண்கள் எல்லாம் ஒன்றாகத் திறந்தன. தளபதி காரியார் முன்னால் வந்தார். "என்ன சொன்னாய்?"

ஐயாறன் எழுந்து நின்றான். "தளபதியாரே, நான் பெயர் கொடுத்து மூன்று நாள்தான் ஆகிறது. இன்னும் ஒரு வாளைக்கூடத் தூக்கவில்லை. இந்த வரிசையில் சிலர் நாட்டுக்காக வந்திருப்பார்கள், சிலர் சோற்றுக்காக வந்திருப்பார்கள். உண்மையைச் சொன்னால் நான் பயந்து வந்தவன். வெளியே இருந்தால் வடகரையார் கொன்றுவிடுவார்களே என்று கோட்டைக்குள் வந்தேன். நல்லது ஏதாவது செய்த பிறகு கழுவச் சொல்லுங்கள், நீட்டுகிறேன்."

"உயிரைத் தருகிறேன் என்று வந்து நிற்பதே பெரிய செயல்தான், தம்பி. அதற்குத் தரும் மரியாதை இது. இதை மறுப்பது உனக்கு முன்னால் செத்தவர்களை அவமதிப்பது," என்றார் காரியார். அவர் கெட்டவர் அல்லர். முப்பது ஆண்டுகளில் எத்தனையோ தோழர்களைத் தம் கையால் புதைத்தவர்.

அப்போது விடங்கன் எழுந்தான். "தேவி, இவன் மறுப்பதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நேற்று மாலை இவன் மதில்மேல் நின்று வடகரைக்கு விளக்கு அசைத்ததைக் கண்டேன். துரோகம் செய்யப்போகிறவன் பாதநீரைத் தொட அஞ்சுவது இயல்புதானே?"

கழுவிய பாதத்தின் சொல் அது. சான்று கேட்க யாருக்கும் உரிமையில்லை. மாதேவியார் கண் கலங்க, ஆனால் தயங்காமல், தீர்ப்புச் சொன்னார்: நிலவு எழும்போது ஐயாறனைக் கல் கட்டி ஆற்றுப்புறம் திறக்கும் நீர்வாயிலின் மதிலிலிருந்து ஆற்றில் தள்ள வேண்டும். ஒற்றனைக் காட்டிக்கொடுத்த விடங்கனுக்கு, அதே நீர்வாயிலின் தாழைக் காக்கும் முதற்காவல். அந்தக் காவலில் ஒருவன் மட்டுமே நிற்பது மரபு.

ஐயாறனின் கைகளைக் கட்டி இழுத்துச் சென்றார்கள். போகும்போது அவன் உமைநங்கையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். குற்றம் சொல்லும் பார்வை அல்ல. இருட்டில் தனியே போகப் பயந்தவனின் பார்வை. அந்தப் பார்வை அவளை என்னவோ செய்தது. இதற்குக் காதல் என்று பெயரிட நாம் அவசரப்பட வேண்டாம். ஆனால் அவன் செத்தால் தன்னால் இனி உறங்க முடியாது என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கிழக்குத் திசை லேசாக வெளுத்தது. நிலவு எழ அரை நாழிகைகூட இல்லை. பேசினால் நாக்குப் போகும். போனாலும் யாரும் நம்பப் போவதில்லை, தந்தையை நம்பவில்லையே. பேசாவிட்டால் ஐயாறன் போவான், தாழ் திறக்கும், வடகரைத் தீயெல்லாம் கோட்டைக்குள் வரும். கூட்டத்தின் கடைசியிலிருந்து பூவணர் மகளின் முகத்தைப் படித்துவிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். மீண்டும் மீண்டும் அசைத்தார்.

உமைநங்கை அரசியின் முன் சென்று மண்டியிட்டாள்.

"தேவி, ஒரு விண்ணப்பம். ஒற்றனைப் பிடித்துக் கொடுத்த வீரரை நடந்து போகச் சொல்வது நமக்கு அழகா? போன மாதம் பகைவரிடமிருந்து பிடித்த வெள்ளைக் குதிரை கொட்டடியில் நிற்கிறது. அவர்களுடைய சேணத்தோடே இருக்கிறது. அதன்மேல் ஏற்றி, மக்கள் காண நீர்வாயில் வரை அழைத்துச் சென்றால் எல்லோருக்கும் தைரியம் வரும்."

கூட்டம் ஆரவாரித்தது. காரியாரின் முகம் மலர்ந்தது. விடங்கனின் முகம் மட்டும் மலரவில்லை.

"நான் உப்பளத்தில் வளர்ந்தவன். குதிரை ஏறத் தெரியாது. இந்தப் பெருமை எனக்கு வேண்டாம்," என்றான்.

"வேண்டாமா?" என்று காரியார் புருவத்தை நெரித்தார். பெருமையை வேண்டாம் என்று சொன்ன ஒருவனைச் சற்றுமுன்தான் அவர்கள் சாவுக்கு அனுப்பியிருந்தார்கள். விடங்கனுக்கு அது நினைவு வந்திருக்க வேண்டும். "தங்கள் சித்தம்," என்று வணங்கினான்.

குதிரை வந்தது. அவன் இருமுறை வழுக்கி, மூன்றாம் முறை பிறர் தாங்க ஏறி, மூட்டை போலக் குந்திக்கொண்டான். கால்கள் வளையங்களைத் தொடாமல் தொங்கின. நடிப்பில் ஒரு குறையும் இல்லை. சிறுவர்கள் சிரித்தார்கள். உமைநங்கை கடிவாளத்தைப் பிடித்து நடத்தினாள். கூட்டம் பின்னால் வந்தது. தேவியின் பல்லக்கும் வந்தது.

விடங்கன் குனிந்தான். "ஊமையின் மகளே, நீ பார்த்ததை நான் பார்த்தேன். தாழ் திறந்ததும் முதலில் உன் கழுத்து."

ஓடிவிடலாமா என்று நினைத்தாள். நீர்வாயிலுக்கு இன்னும் ஐம்பது அடி. அங்கே மதிலோரம் ஐயாறன் கட்டுண்டு நிற்பது தெரிந்தது. அவன் இடுப்பில் கல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிழக்கே ஆற்றின்மேல் செந்நிறமாய் நிலவின் விளிம்பு எழுந்தது.

அந்தக் குதிரை எதற்கு மிரளும் என்பது ஒரு மாதமாக அதற்குத் தீனி வைத்தவளுக்குத் தெரியாதா? தூணில் செருகியிருந்த தீவட்டியைச் சட்டென்று பிடுங்கி, அதன் கண்ணெதிரே நீட்டினாள்.

வெள்ளைக் குதிரை கனைத்துக்கொண்டு பின்னங்கால்களில் நிமிர்ந்து சுழன்றது. உப்பளத்துக்காரன் யாராயிருந்தாலும் அக்கணமே மண்ணில் விழுந்து எலும்பு முறிந்திருப்பான். விடங்கன் விழவில்லை. குனிந்து பார்க்காமலே, இருட்டில், அவனுடைய இரு பெருவிரல்களும் இரு வளையங்களுக்குள்ளும் தாமாகவே போய் நுழைந்தன. தொடைகள் இறுகின. குதிரையை அடக்கும் வடகரைச் சீழ்க்கை ஒன்று அவன் உதட்டிலிருந்து அவனை அறியாமல் வந்தது. குதிரை அடங்கி நின்றது.

இம்முறை யாரும் கண்ணை மூடியிருக்கவில்லை.

"தேவி," என்றாள் உமைநங்கை. "நான் யாரையும் பழிக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. அவருடைய கால்விரல்களை நீங்களே பாருங்கள்."

காரியார் பார்த்தார். "உப்பளத்துத் தம்பி, அந்த வளையம் எதற்கு என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

குதிரை நீர்வாயிலை நோக்கிப் பாய்ந்தது. காவலர்கள் சிதறினார்கள். தாழுக்கு மிக அருகில் இருந்தவன் ஐயாறன் ஒருவனே. கை கட்டியிருந்தது, இடுப்பில் கல் தொங்கியது. அவன் கல்லோடு தடுமாறிப் போய்த் தாழின்மேல் முதுகைச் சாய்த்து, கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான். அத்தனை கனத்தை அங்கிருந்து அகற்றக் குதிரையாலும் முடியவில்லை, அதன் மேலிருந்தவனாலும் முடியவில்லை. அம்புகள் பறக்கத் தொடங்கின. விடங்கன் சேணத்தின்மேல் எழுந்து மதிலுக்குத் தாவினான்.

"நான் வடகரைக் குதிரைப்படையின் தலைவன், காலிங்கராயன்!" என்று கூவினான். "நாற்பது நாள் உங்கள் சோற்றைத் தின்றேன். ஒருவரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. கண்ணைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று என் வேந்தரிடம் சொல்கிறேன்."

ஆற்றில் நீர் தெறித்தது. சிறிது நேரத்தில் வடகரையில் ஒரு கொம்பு முழங்கியது. நாணலில் ஒளிந்திருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிச் சென்றன. இன்றைக்குத் திரும்பின. நாளைய சங்கதி யாருக்குத் தெரியும்?

மாதேவியார் பல்லக்கிலிருந்து இறங்கி, கூட்டத்தின் கடைசி வரை நடந்தார். பூவணரின் முன் நின்று அவர் முகத்தை நேராகப் பார்த்தார். பிறகு, "பத்து ஆண்டுகளுக்கு முன் நான் கண்ணைத் திறந்திருக்க வேண்டும், மருத்துவரே. இனி இந்தக் கோட்டையில் கண்ணை மூடி வணங்கும் வழக்கம் இல்லை. அந்தத் தண்டனையும் இல்லை," என்றார். பூவணர் வாயை மூடியிருந்த மேலாடையை எடுத்தார். அதை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

காரியார் தம் கையாலேயே ஐயாறனின் கட்டை அவிழ்த்து, வெள்ளிச் செம்பை உமைநங்கையிடம் கொடுத்தார். "இப்போது நீட்டு, தம்பி. இப்போதுதான் நல்லது செய்துவிட்டாயே."

ஐயாறன் காலை நீட்டவில்லை. "தளபதியாரே, ஓட முடிந்திருந்தால் ஓடியிருப்பேன். கல் விடவில்லை," என்றான். சிரித்தவர்கள் சிலர்; அவன் சிரிக்கவில்லை. அவன் உமைநங்கையின் பக்கம் திரும்பினான்.

"நங்கை, நாளை போர் வரும். என் கையில் வாள் கொடுப்பார்கள். வாள் வந்த பிறகு நான் என்னவாக ஆவேன் என்பது எனக்கே தெரியாது. உன் தந்தைக்கு அநீதி செய்தவனும் ஒருநாள் என்னைப்போல இந்த வரிசையில் உட்கார்ந்தவன்தானே. இந்த ஆற்றின்மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். போர் முடிந்து திரும்பினால் நேராக உன்னிடம் வருவேன். கண்ணைத் திறந்து பார். போன இடமெல்லாம் கேள். நான் யாரை எப்படி நடத்தினேன் என்று விசாரி. எளியவர் வீட்டு வாசலை இந்தக் கால் அழையாமல் மிதித்திருந்தால் செம்பைத் தரையில் கவிழ்த்துவிடு. இல்லையென்றால் மட்டும் ஊற்று."

"திரும்பாவிட்டால்?" என்று கேட்டாள் அவள். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

நீர்வாயிலின் முதற்காவல் காலியாக இருந்தது. அவன் ஈட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, வெறுங்காலோடு, நிலவொளி விழுந்த படிகளில் இறங்கிப் போனான். உமைநங்கை நீர் நிறைந்த செம்பை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். பயம் போகவில்லை, ஆனால் செம்பிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் பார்த்துக்கொண்டாள்.